பாட்டோடு போகாத பெயர்

வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்குள் நுழைந்தால் என் கடை. இப்போது போன் திருத்துகிறேன், ரீலோட் போடுகிறேன். அதற்கு முன் கசற், சீடி, மெமரிக் காட் என்று வருசக்கணக்காகப் பிறர் பாட்டைப் பிரதி எடுத்தே குடும்பத்தைப் பார்த்தேன். யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

கசற் காலத்தில் அது கைவேலை. 60 நிமிடக் கசற்றில் பக்கத்துக்கு 30 நிமிடம். கணக்குப் பிழைத்தால் கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துபோகும். அதனால் முதலில் கடதாசியில் நிமிடம் கூட்டிப் பார்ப்பேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்பேன். பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் இரைச்சல் ஏறும், குரல் மழுங்கும். மூலக் கசற்றைப் பூட்டித்தான் வைத்திருந்தேன். பதிந்து முடிந்ததும் மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் பிள்ளைகள் தெரியாமல் அதன்மேல் பதிந்துவிடுவார்கள்.

கடைசி வேலை அட்டை எழுதுவது. பாட்டு, படம், பாடியவர், இசையமைத்தவர். சனம் அந்த அட்டையைப் பார்த்துத்தான் பாடகர்களைப் பேர் சொல்லிக் கேட்கப் பழகியது.

2007இல் எங்கள் படுவான்கரைப் பக்கம் சண்டை ஓய்ந்தது. பிறகு கைக்குக் கை போன் வந்தது. 128 கேபிபிஎஸ் எம்பி3 பாட்டு ஒன்று ஏறக்குறைய 4 எம்பி. 4 ஜிபி காட்டில் ஆயிரம் பாட்டு அடங்கும். தேநீர் குடித்து முடிவதற்குள் ஏற்றிக் கொடுத்துவிடலாம். எத்தனை தரம் பிரதி எடுத்தாலும் இரைச்சல் இல்லை. ஆனால் பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பாட்டைத் திருடி ஏற்றிய இணையத்தளத்தின் பெயர் இருக்கும். அதை அழித்து உரியவர் பெயரை அடிக்க ஒரு நிமிடம் போதும். ஆயிரம் பாட்டுக்கு யார் அடிப்பது என்று விட்டுவிட்டேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அனுமதியில்லாமல் பிரதி எடுப்பதைக் குற்றமென்கிறது. அதே சட்டம், பிரதியில் தன் பெயர் துலங்க வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் படைப்பாளிக்குத் தருகிறது. அது 10ஆம் பிரிவு. தண்டப்பணம் பற்றிக் கடைக்காரர் நாங்கள் பேசியிருக்கிறோம். இந்தப் பிரிவைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

எனக்கு உறைத்தது ஒரு கூத்தினால். எங்கள் பக்கத்து அண்ணாவியார் ஒருவர், தானே பாட்டுக்கட்டிய வடமோடிக் கூத்தை அரங்கேற்றினார். விடியவிடிய ஒலிப்பதிவு செய்தேன். மத்தளத்துக்குக் கிட்ட மைக்கை வைத்தால் வேறொன்றும் கேட்காது. களரியைச் சுற்றி மூன்று இடம் மாற்றி, கடைசியில் அவருடைய இடப்பக்கம் வைத்தேன். சீடி போட்டு அவருக்கும் ஆடிய பொடியன்களுக்கும் கொடுத்தோம். சில மாதத்தில் அதில் ஒரு வரவுப் பாட்டு எல்லோர் போனிலும் ஓடியது. முன்னுக்கு நான் பதிந்திருந்த பெயர், ஊர் அறிவிப்பை வெட்டி எடுத்திருந்தார்கள். “கிராமியப் பாடல்” என்று மட்டும் போட்டிருந்தது.

அண்ணாவியார் கடைக்கு வந்து போனை நீட்டினார். “மனே, இது என்ட குரல்தானே. ஆர்ர பாட்டு எண்டு போட்டிருக்கு?”

வாசித்துக் காட்டினேன். காசைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. “நான் இன்னும் உசிரோடதானே இரிக்கன்” என்றார்.

கூத்தில் அரசன் வருமுன் கட்டியகாரன் வந்து, வருவது யார் என்று சொல்லுவான். அந்த அறிவிப்பும் கூத்துக்குள்ளேயே இருக்கும். அதை நினைத்துத்தான் இப்போது வேறு விதமாகப் பதிகிறேன். பெயரை முன்னுக்கு வைப்பதில்லை. பாட்டு ஓய்ந்து மத்தளம் மட்டும் போகும் இடத்தில், தாளம் நிற்காமல், அண்ணாவியாரே தன் பெயரையும் ஊரையும் சொல்லுகிறார். அதை வெட்டினால் தாளம் உடையும். போன மாதம் தென்மோடி ஒன்று அப்படிப் பதிந்தோம். மூன்றாம் தரம்தான் சரியாக விழுந்தது.