வெந்நீர் கேட்கும் ஆங்கிலம்

டோக்கியோ விரிகுடா ஓரத்தில் அஓமி என்றொரு பகுதி. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் யூரிகாமோமே ரயிலில் வந்து இறங்கினால், ‘டோக்கியோ குளோபல் கேட்வே’ பக்கம்தான். டோக்கியோ பெருநகரக் கல்வி வாரியம் தனியார் நிறுவனங்களோடு சேர்ந்து 2018 செப்டம்பரில் திறந்த ஆங்கிலப் பயிற்சி மையம் இது. உள்ளே நுழைந்துவிட்டால் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். விமானத்தின் உட்புறத்தை இருக்கை வரிசைகளோடு அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஹோட்டல்.

பள்ளிப் பிள்ளைகளை எட்டெட்டுப் பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வழிகாட்டியைத் தருகிறார்கள். வழிகாட்டிக்கு இங்கே ‘ஏஜென்ட்’ என்று பெயர். ஒரு குழுவின் பின்னாலேயே நானும் போனேன்.

ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு பையனின் முறை வந்தது. அறையில் வெந்நீர் வரவில்லை; அதை அவன் சொல்லியாக வேண்டும். “ஷவர்... கோல்டு” என்றான். வரவேற்பாளர் பணிவாக, “குளிர்ந்த நீர் வேண்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பையன் பதறிப்போய், “நோ, நோ! ஹாட்... நோ ஹாட் வாட்டர்!” என்றான். வரவேற்பாளர் முகத்தில் புரிந்த அடையாளம். “வேறு அறை தரட்டுமா, ஆள் அனுப்பிச் சரிசெய்யட்டுமா?” என்று அடுத்த கேள்வி வந்தது. இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் விடை இல்லை. சற்று யோசித்துவிட்டு, “சேஞ்ச் ரூம், ப்ளீஸ்” என்றான். சாவி கைக்கு வந்தது. இத்தனை நேரமும் ஏஜென்ட் ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தப் பொறுமையைப் பார்க்கவே இவ்வளவு தூரம் வரலாம்.

மொழி வகுப்புக்கான பாவனைப் பயிற்சிகள் பற்றி கென் ஜோன்ஸ் 1982இல் எழுதிய நூலில் வலியுறுத்தியதும் இதைத்தான்: சூழல் பாவனையாக இருக்கலாம், அதற்குள் செய்கிற வேலை நிஜமாக இருக்க வேண்டும். மனப்பாடம் செய்த உரையாடலில் எதிராளி என்ன சொல்வார் என்பது முன்பே தெரியும். இங்கே தெரியாது. அதனால் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

ஜப்பானில் 2020 ஏப்ரலிலிருந்து ஐந்தாம், ஆறாம் வகுப்புகளிலேயே ஆங்கிலம் தனிப் பாடம். அதைப் பேசிப் பார்க்க ஊரில் இடம் எங்கே? கடைத்தெருவிலும் ரயிலிலும் ஜப்பானிய மொழியே போதும். ஆகவே அரசு செலவு செய்து இப்படி ஓர் இடத்தை உண்டாக்கியது நியாயமே. 2023 ஜனவரியில் டோக்கியோவின் தாச்சிகாவா பகுதியிலும் இதேபோல் ஒன்றைத் திறந்துவிட்டார்கள்.

சாவி வாங்கியதோடு பையனை விட்டுவிடவில்லை. ஏஜென்ட் எல்லாரையும் உட்கார வைத்து, “முதலில் அவருக்கு ஏன் புரியவில்லை? வேறு எப்படிச் சொல்லலாம்?” என்று கேட்டார். ஒரு சிறுமி முழு வாக்கியமாகவே சொன்னாள். பையன் அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். என்னைக் கேட்டால், அசல் பாடம் நடந்தது அங்கேதான்.

நம் ஊரில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதற்கு விமானமும் ஹோட்டலும் கட்ட வேண்டியதில்லை. இரண்டு மேசை, ஒருவருக்கொருவர் காட்டக்கூடாத இரண்டு சீட்டு, ஒன்றில் வாடிக்கையாளரின் சிக்கல், மற்றதில் கடைக்காரரின் நிலைமை. பிள்ளைகள் திணறும்போது குறுக்கே பேசாதீர்கள். பிழைகளைக் குறித்துவைத்து, வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் அவர்களோடு பேசுங்கள்.