படிகக் கல்லில் ஒரு கை

நமது பாடப்புத்தகங்களில் இலங்கையின் வரலாறு கப்பலில் வந்து இறங்குகிறது. அரசகுமாரன் ஒருவன் கரையேறுகிறான். அவனைத் தொடர்ந்து மன்னர்கள் வரிசையாக வருகின்றனர். முந்தி வந்தவர் யார் என்ற வழக்கு அக்கரையிலேயே தொடங்கி இன்றுவரை ஓயவில்லை. பண்டாரவளையைச் சூழ்ந்த பத்தனைப் புல்மேடுகளில், மழை மண்ணைக் கழுவிச் சென்ற சரிவுகளிலே, விரல்நுனி அளவேயான வெண்கற்கள் கிடக்கின்றன. அவ்வழக்கில் அவற்றைச் சாட்சிக்கு அழைப்போர் அரிது.

அவற்றைக் காண்பதற்காகத் தோட்டப் பாடசாலை மாணவர் சிலருடன் அம்மேடுகளில் ஒரு நாள் நடந்தோம். பழகாத கண்ணுக்குக் கூரான கல்லெல்லாம் கருவி. அரைமணி நேரத்துள் சிறுவர்களின் காற்சட்டைப் பைகள் நிறைந்துவிட்டன. அவற்றைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியபோதுதான் பாடமும் தொடங்கிற்று.

சேர்ட் என்னும் கல் கண்ணாடிபோல் உடைவது. அடி விழுந்த முனையில் சிறியதொரு தட்டையிடம் இருக்கும். அதன் கீழே சற்றுப் புடைத்த குமிழ். அங்கிருந்து குளத்தில் கல்லெறிந்தாற்போல் விரியும் அலைவரிகள். ஆற்று வெள்ளத்தில் உருளும் கல்லும் மற்றொன்றில் மோதி இத்தகைய செதிலைக் கழற்றக்கூடும். ஆனால் வெள்ளத்துக்கு நோக்கமில்லை. ஒரே விளிம்பில், ஒரே பக்கமாக, வரிசை பிசகாமல் நுண்செதில்களைக் கழற்றும் பொறுமை அதற்கு ஏது?

தொல்லை தருவது குவார்ட்சு என்னும் வெண்படிகக் கல். இந்நாட்டின் குறுணிக் கற்கருவிகளிற் பெரும்பாலானவை அதனாலானவை. உள்ளே கீறல் மலிந்த கல் ஆகையால், அடித்தாற் கற்கண்டுபோற் சிதறும். குமிழும் வரியும் தெளிவாகப் பதிவதில்லை. அங்கே வடிவத்தைத்தான் நம்பவேண்டும். பிறை, முக்கோணம், சரிவகம் என்று சில வடிவங்கள் மீண்டும் மீண்டும் வரும். ஒரு விளிம்பு கூராக விடப்பட்டிருக்கும்; எதிர் விளிம்பு சிறு சிறு தட்டல்களால் வேண்டுமென்றே மழுக்கப்பட்டிருக்கும்.

"ஏன் மழுக்கினார்கள்?" என்று கேட்டோம். வகுப்பில் வாய் திறவாத பையன் ஒருவன் சொன்னான்: "முதுகுப் பக்கம், சேர். எங்கப்பாவோட கவ்வாத்துக் கத்தி மாதிரி. இல்லாட்டி புடிக்கிறப்ப கையை அறுத்துடுமே." மரத்திலோ எலும்பிலோ பிசின் வைத்துப் பொருத்துவதற்கான முதுகு அது என்று நாம் சேர்த்துச் சொன்னோம். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மலைநாட்டில் இக்கற்களை முதலிற் பொறுக்கி எழுதியவர்கள் கிறீன், போல் முதலிய துரைமார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் காட்டியவற்றைக் கருவிகள் என ஒப்புக்கொள்ளக் கற்றோர் தயங்கினர். 1907-இல் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த உறவினர்களான போல் சரசினும் பிரிட்ஸ் சரசினும் வேடர் வாழ்ந்த குகைகளை அகழ்ந்த பின்னரே ஐயம் நீங்கிற்று. துரைமாரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. காடழித்துக் கான் வெட்டி அம்மலைகளின் மண்ணைத் திறந்த கூலிகளின் பெயர்களோ செக்றோலுக்கு அப்பால் எங்கும் ஏறவில்லை.

அந்த மண்ணின் ஆழம் இன்று நன்கு தெரியும். புளத்சிங்களவை அடுத்த பாஹியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டு மனிதர் குறுணிக் கருவி செய்தனர். குரங்கையும் அணிலையும் வேட்டையாடினர். எலும்பாலான அம்புமுனைகளும் அங்கே கிடைத்தமை 2020-இல் வெளியான ஆய்வினால் உலகறிந்தது. அவர்கள் பேசிய மொழி எது என்று எந்தக் கல்லும் சொல்லாது. அவர்களைத் தம் முன்னோராக்கிப் புதியதொரு வழக்குத் தொடுக்கச் சிலர் முயலலாம். கல்லை உடைத்த கைக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நம்முடன் வந்த சிறுவர்கள், 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களின் வழியில் வந்தவர்கள். எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 வரை வரவில்லை. மழுங்கிய முதுகுடைய பிறைக்கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி, "இதைச் செஞ்சவங்ககிட்டயும் யாராச்சும் எப்ப வந்தீங்கன்னு கேட்டிருப்பாங்களா, சேர்?" என்றாள். உடன் வந்த ஆசிரியர்கள் எவரும் பேசவில்லை.

கல்லை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்பது அடுத்த கேள்வி. கிடந்த இடம், மண்படை, அருகிலிருந்த கரித்துண்டு, எலும்பு ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்த கல் அழகுப்பொருளாகலாம், சான்றாவது கடினம். தோண்டுவதென்றால் 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டப்படி அனுமதி வேண்டும். ஆதலால் பொறுக்குவதை நிறுத்தினோம். புதிதாகக் கண்ணிற் பட்ட மூன்று கற்களை அவை கிடந்தபடியே வரைந்து, மேட்டின் படத்தில் இடங்களைக் குறித்தார்கள். திணைக்களத்துக்கு அனுப்பிய கடிதத்தின் கீழே, கண்டெடுத்தோர் என்ற இடத்தில், பதினொரு மாணவர்களும் தத்தம் பெயரை முழுமையாக எழுதினர்.