இரவல் களஞ்சியம்

மார்ச் 3, 2025, திங்கள்

பேராதனையில் படிக்கும் சித்தி மகன் பின்னேரம் வந்தான். நாங்கள் சில பேர் சேர்ந்து எழுதும் பாடசாலை நூலக மென்பொருளைக் கோட்பெர்க்கிலிருந்து முழுசாகக் கிட்ஹப்புக்கே மாற்றச் சொல்கிறான். "கோட்பெர்க்கில கிடந்தா யாரண்ணா பாக்கிறது? இன்டர்வியூவில முதல்ல கேக்கிறதே கிட்ஹப் லிங்க்தான்." அதில் பொய்யில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. கோட்பெர்க் பெர்லினில் பதிவான, இலாபம் பார்க்காத சங்கம். அதை ஓட்டும் ஃபோர்ஜெயோ என்ற மென்பொருளின் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம். கிட்ஹப்பில் உலகத்துத் திறந்த மூலமெல்லாம் குவிந்து கிடக்கிறது, தன்னுடைய நிரலை மட்டும் அது பூட்டியே வைத்திருக்கிறது. 2018இல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டொலருக்கு வாங்கியது.

மார்ச் 4, செவ்வாய்

இரவு சஹானாவின் கதையைத் தேடி வாசித்தேன். 2004 சுனாமி அடித்த கையோடு இலங்கைத் தொண்டர்கள் எழுதிய மென்பொருள் அது. காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதிவு. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் போனது, 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் வாங்கியது. அதன் நிரல் முதலில் சோர்ஸ்ஃபோர்ஜில் இருந்தது. ஈடன் என்ற பிந்திய வடிவம் லாஞ்ச்பேடில் இருந்து கிட்ஹப்புக்கு வந்தது. ஊருக்கே கூடாரம் கணக்குப் பார்த்த மென்பொருள், தான் மட்டும் வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்திருக்கிறது!

மார்ச் 6, வியாழன்

முழு மாற்றம் இல்லை, நகல் மட்டும் என்று முடிவெடுத்து வேலையை முடித்தேன். கோட்பெர்க் அமைப்புகளில் மிரர் பகுதியில் கிட்ஹப் முகவரியும் டோக்கனும் கொடுத்து, புதிய கமிட் வந்தவுடன் தள்ளிவிடும்படி ஒரு டிக். அவ்வளவுதான். பிறகு கிட்ஹப் பக்கத்தில் இஷ்யூவை அணைத்தேன். புல் ரிக்வெஸ்ட்டை அணைக்க வழி இருக்கவில்லை. லினக்ஸ் கெர்னலின் கிட்ஹப் நகலுக்கும் இதே தொல்லை: கெர்னலை எழுதத் தொடங்கிய லினஸ் அங்கே வருவதை ஏற்பதில்லை, ஆட்கள் அனுப்புவதை விடுவதுமில்லை. 2005இல் பிட்கீப்பர் என்ற தனியுரிமைக் கருவியின் இலவச அனுமதி பறிபோனதால்தான் அவர் கிட் என்ற கருவியையே எழுதினார். அந்தக் கிட்டின் பெயரில் இன்னொரு பூட்டிய கடை வளர்ந்து நிற்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்து பார்த்தால் நகலில் ஒரு புல் ரிக்வெஸ்ட். தமிழ்த் தலைப்புகளை வரிசைப்படுத்துவதில் இருந்த பிழையை யாரோ நேர்த்தியாகத் திருத்தியிருக்கிறார். "கோட்பெர்க்குக்கு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது மரியாதையாகப் படவில்லை. அந்தப் பக்க முகவரியின் கடைசியில் .பேட்ச் என்று சேர்த்தால் திருத்தம் எழுதியவர் பெயரோடு கோப்பாக இறங்கும். கிட் ஏஎம் கட்டளை கொடுத்துச் சேர்த்தேன். கமிட்டில் அவர் பெயரே நிற்கிறது.

மார்ச் 13, வியாழன், போயா

தம்பி மறுபடி வந்தான். "நகல் இருந்தா போதும்தானே, பிறகேன் பயம்?" போதாது என்றேன். கிட் குளோன் எடுத்தால் நிரலும் வரலாறும் வரும். யார் என்ன பிழை சொன்னார், எதற்காக அந்த வரி மாறியது என்ற பேச்செல்லாம் இஷ்யூவோடு தளத்திலேயே தங்கிவிடும். 2016இல் கூகுள் கோட் மூடப்பட்டது. 2020இல் பிட்பக்கெட் மெர்குரியல் களஞ்சியங்களை நீக்கியது. 2019இல் அமெரிக்கத் தடையைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா ஆட்களின் கணக்குகளைக் கிட்ஹப் கட்டுப்படுத்தியது. நாளைக்கு நமக்கு அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. சுவிட்ச் நம் கையில் இல்லை, அதுதான் பேச்சு. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப கோட்பெர்க்கும் மூடினா?" என்றான். நியாயமான கேள்வி. அதனால் மாதம் ஒருமுறை இஷ்யூக்களை ஏபிஐ வழியாக இறக்கி, நிரலோடு பாடசாலை ஹார்ட் டிஸ்க்கிலும் போட அவனையே பொறுப்பாக்கினேன்.

நகலின் ரீட்மியில் முதல் வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியாயிற்று: முதன்மைக் களஞ்சியம் கோட்பெர்க்கில், இது நகல், திருத்தங்களை எங்கே அனுப்பினாலும் எடுத்துக்கொள்வோம்.