பிரித்துக் கற்ற கல்வி

சென்னை இளைஞர் சிலர், புதுப்பேட்டைக் கடைகளில் தேடிப் பெற்ற உறுப்புகளைக்கொண்டு, வீட்டுக் கொட்டகையிலேயே பழைய மோட்டார் சைக்கிள்களை மாற்றியமைக்கின்றனர். அவர்கட்கு முன்னோடி, கோவையை அடுத்த கலங்கலில் 1893-ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு ஆவார்.

இளமையில் ஆங்கிலேய அலுவலர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு அவர் வியந்தார். அதன் உள்ளமைப்பை அறியும் வேட்கை அவரை விட்டு நீங்கவில்லை. கோவைச் சிற்றுண்டிச்சாலையில் பரிமாறும் பணி ஏற்றார். ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கியதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார். மீண்டும் பூட்ட இயலாதுபோயின் உழைத்துச் சேர்த்த பொருள் வீணாகும். ஆயினும் அஞ்சாது ஒவ்வோர் உறுப்பையும் ஆராய்ந்து பூட்டினார்.

அவ்வறிவே அவர்க்கு முதலாயிற்று. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பிரித்தல் எவர்க்கும் எளிது. பிரித்ததைப் பொருத்துதலே அறிவு.