பிள்ளைக்காகவா, பள்ளிக்கூடத்துக்காகவா?



சென்ற ஆண்டு ஒரு மாலை, பள்ளி விட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் தோட்டத்தின் இரண்டாம் டிவிசன் லயத்துக்குப் போனேன். என் ஐந்தாம் ஆண்டு வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பனாரைப் பார்க்க. அவளைப் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றப் போவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அங்கே அத்தை வீடு இருக்கிறது, கூடுதல் வகுப்பு நடக்கிறது, ஓட்டப் பயிற்சிக்குத் தனி ஆசிரியரும் இருக்கிறார். எங்கள் பள்ளியிலோ மொத்தமே 46 பிள்ளைகள். அஞ்சல் ஓட்டத்தில் கடைசியாக ஓடி வட்டாரக் கோப்பையை வாங்கித் தந்தவள் அந்தப் பெண்தான்.

அரை மணி நேரம் பேசினேன். "தோட்டப் பள்ளியில் படித்தவர்கள் பெரிய ஆளாகவில்லையா?" என்றேன். ஆறாம் ஆண்டு முடியட்டும், பிறகு எங்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்றேன். செம்பனைக் குலை வெட்டிவிட்டுக் களைத்துப்போய் வந்திருந்த அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். தேநீரும் கொடுத்தார். கடைசியில், "சார், ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இதைப் பிள்ளைக்காகச் சொல்றீங்களா, பள்ளிக்கூடத்துக்காகச் சொல்றீங்களா?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் என் மகன் இருக்கிறான். இடைநிலைப்பள்ளி மாணவன், கூடைப்பந்துப் பைத்தியம். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் ஆகாததெல்லாம் அமெரிக்க ஆட்டக்காரர்களின் சரித்திரத்தில் அவனுக்கு மனப்பாடம். அன்றிரவு நான் முகம் வாடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து விஷயத்தைக் கேட்டான். சொன்னேன். "அப்பா, இது அமெரிக்காவிலே ஐம்பது வருஷமா நடக்கிற சண்டை" என்று ஆரம்பித்தான். அவன் சொன்னதைக் கேட்டும், பிறகு நானே தேடிப் படித்தும் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அந்நாட்டில் கூடைப்பந்தில் பெயர் எடுக்க விரும்பும் பிள்ளை முதலில் கல்லூரி அணியில் ஆடுவான். தொழில்முறை ஆட்டத்துக்கு என்.பி.ஏ. என்ற லீக் இருக்கிறது. ஆண்டுதோறும் அதன் அணிகள் வரிசையாக நின்று புதிய ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். அதற்கு டிராப்ட் என்று பெயர். ஒரு காலத்தில் உயர்நிலைப்பள்ளி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகாத எவரையும் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தது. அதை உடைத்தவர் ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பி மாநிலத்தில் பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் பருத்திக்காட்டில் பஞ்சு எடுத்தவர். காத்திருக்க வசதியில்லாதவன் ஏன் காத்திருக்க வேண்டும் என்பதே அவருடைய வழக்கின் சாரம். 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பால்மரக்காட்டில் வளர்ந்த நமக்கு அந்தப் பருத்திக்காட்டுப் பிள்ளையின் அவசரம் புரியாமல் போகுமா?

ஆனால் கதவு திறந்ததும், படிப்பை முடிக்காமலே நல்ல பிள்ளைகள் கிளம்பத் தொடங்கினர். 1995-ஆம் ஆண்டு டிராப்டைப் பாருங்கள். முதல் நான்கு இடங்களில் எடுக்கப்பட்ட நால்வருமே கல்லூரியில் இரண்டே ஆண்டுகள் இருந்தவர்கள். ஐந்தாமவர் கெவின் கார்னெட், கல்லூரி வாசலையே மிதிக்காமல் பள்ளியிலிருந்து நேராக வந்தவர். அந்த நால்வரில் மூவர், அதாவது மேரிலாந்தின் ஜோ ஸ்மித், வட கரோலினாவின் ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ், ரஷீத் வாலஸ் ஆகியோர், ஒரே கான்பரன்ஸைச் சேர்ந்தவர்கள்.

கான்பரன்ஸ் என்றதும் மாலை போட்டுப் பேசுகிற மாநாடு என்று எண்ணிவிட வேண்டாம். நம் வட்டாரப் பள்ளிகள் தமக்குள் போட்டி வைத்துக்கொள்வதைப்போல, கல்லூரிகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டு அது. இங்கே சொல்வது 1953-இல் தொடங்கிய அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸ். தொண்ணூறுகளில் அதில் ஒன்பது கல்லூரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் மற்ற எட்டோடும் சொந்தத் திடலில் ஒரு முறை, அடுத்தவர் திடலில் ஒரு முறை ஆடும். ஆகப் பதினாறு ஆட்டங்கள்.

இனிமேல்தான் விஷயம். ஒரு கல்லூரியின் நல்ல ஆட்டக்காரன் போனால் மற்ற எட்டுக் கல்லூரிக்கும் கொண்டாட்டம் என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அது பாதிதான் உண்மை. பருவ முடிவில் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு, எத்தனை ஆட்டம் வென்றாய் என்று மட்டும் பார்ப்பதில்லை. யாரை வென்றாய் என்றும் பார்க்கிறது. பலம் குன்றிய அணியை வென்றால் மதிப்பும் குறைவு. அதற்கு மேல் பணம். தேசியப் போட்டியில் ஓர் அணி ஆடும் ஆட்டங்களுக்குப் பங்குத் தொகை உண்டு. அது அந்தக் கல்லூரிக்கு நேராகப் போவதில்லை. கான்பரன்ஸின் பொதுப் பையில் விழுகிறது, ஆறு ஆண்டுகளுக்குத் தவணையாக. பிறகு எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரு வீட்டுப் பிள்ளை வேலையை விட்டால் லயத்துக் கூட்டுச் சீட்டே ஆட்டம் காண்பதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜியா டெக் என்ற கல்லூரிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஸ்டீபன் மார்பரி என்று ஒரு பிள்ளை. நியூயார்க்கின் கோனி ஐலண்டு வட்டாரத்தில் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர், ஏழு பிள்ளைகளில் ஆறாமவர். மூத்த அண்ணன்மாரும் கல்லூரியில் பந்து ஆடியவர்களே, ஒருவரும் என்.பி.ஏ.-வை எட்டவில்லை. வீட்டின் கனவெல்லாம் இவர் தோளில். 1995-இல் ஜார்ஜியா டெக்கில் சேர்ந்தார். அந்தப் பருவத்தில் பதினாறு கான்பரன்ஸ் ஆட்டங்களில் பதின்மூன்றை வென்று கல்லூரி முதலிடம் பெற்றது. ஓர் ஆண்டு முடிந்ததும் 1996 டிராப்டுக்குப் போய்விட்டார், நான்காவது இடத்தில் எடுக்கப்பட்டார். அடுத்த பருவத்தில் ஜார்ஜியா டெக் வென்றது மூன்று, தோற்றது பதின்மூன்று. எண்கள் அப்படியே தலைகீழ்!

முழுப் பழியையும் அவர் தலையில் போடுவது நியாயமல்ல. ட்ரூ பாரி என்ற நல்ல ஆட்டக்காரரும் நான்கு ஆண்டுகளை முடித்து அதே வேளையில் வெளியேறியிருந்தார். ஆனால் நான்கு ஆண்டு முடித்துப் போகிறவன் போகும் நாள் பயிற்சியாளருக்கு முன்கூட்டியே தெரியும், மாற்று ஆளை வளர்த்து வைத்திருப்பார். இடையில் போகிறவன் இளவேனிற் காலத்தில் சொல்லுவான். அதற்குள் நாட்டிலுள்ள நல்ல பள்ளிப் பிள்ளைகளில் பலர் முந்திய நவம்பரிலேயே வேறு கல்லூரிகளுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சந்தை கலைந்த பிறகு கூடையோடு போய் நிற்கிற கதைதான்.

எல்லாக் கல்லூரிக்கும் இப்படியா என்றால், இல்லை. எனக்கு ஆத்திரம் வந்த இடமே இதுதான். டியூக் கல்லூரி 1999-இல் 37 ஆட்டங்கள் வென்று இரண்டே தோற்றது. அவ்வாண்டு எல்டன் பிராண்ட், வில்லியம் ஏவரி, கோரி மகெட்டி ஆகிய மூவரும் படிப்பின் இடையிலேயே கிளம்பினர். அந்தப் பயிற்சியாளரின் காலத்தில் டியூக்கில் அதுவரை நடக்காத ஒன்று. இனி டியூக் எழாது என்றுதானே தோன்றும்? அடுத்த பருவத்தில் கான்பரன்ஸில் ஒரே ஓர் ஆட்டம்தான் தோற்றது. 2001-இல் தேசியப் பட்டமே வென்றது. பெயர் பெற்ற இடத்தில் ஒரு நாற்காலி காலியானால் ஒன்பது பேர் உட்காரக் காத்திருக்கிறார்கள். நடுத்தரக் கல்லூரியில் காலியான நாற்காலி காலியாகவே கிடக்கிறது. இதை நான் அமெரிக்காவில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

போகாமல் இருந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். வேக் பாரஸ்ட் கல்லூரியின் டிம் டங்கன். கரீபியன் கடலில் உள்ள சின்னத் தீவொன்றின் பிள்ளை. பதினான்காம் பிறந்த நாளுக்கு முதல் நாள் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பட்டம் பெற்றே தீருவேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக, கோடிகள் கூப்பிட்டபோதும் நான்கு ஆண்டும் இருந்து உளவியலில் பட்டம் பெற்றார். 1996 கான்பரன்ஸ் இறுதியாட்டத்தில் அவருடைய அணி, மார்பரியின் ஜார்ஜியா டெக்கை ஒரே புள்ளியில் வென்றது. 1997 டிராப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். இதைப் படித்ததும், "பார்த்தாயா, இருந்தவன் கெட்டுப்போகவில்லை!" என்று மகனிடம் சொன்னேன். அவன், "அவர் போன மறு வருஷம் வேக் பாரஸ்டும் விழுந்துதானே போச்சு?" என்றான். உண்மைதான். இருந்தாலும் ஒரு நாள் போகத்தான் போகிறார்கள்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தவர் ஆட்டக்காரர் எவரும் அல்லர். டீன் ஸ்மித், வட கரோலினாவின் பயிற்சியாளர். அவருடைய தாய் தகப்பன் இருவருமே பள்ளி ஆசிரியர்கள் என்று படித்ததும் மனத்தில் ஒரு நெருக்கம் வந்துவிட்டது. 1984-இல் அவருடைய அணி கான்பரன்ஸில் ஓர் ஆட்டங்கூடத் தோற்கவில்லை. அந்த அணியில் மூன்றாம் ஆண்டு மாணவர் மைக்கேல் ஜோர்டன். இன்னும் ஓர் ஆண்டு இருந்தால் அணிக்கு எவ்வளவு பலம்! ஜோர்டனின் தாயாரும் படிப்பை முடிக்க வேண்டும் என்றுதான் விரும்பினார். போகலாம் என்று ஊக்கியவர் ஸ்மித்தேதான். என்.பி.ஏ. அணிகளிடம் விசாரித்து, இந்தப் பிள்ளைக்கு நேரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு தானே வாசலைத் திறந்துவிட்டார். 1982-இல் ஜேம்ஸ் வொர்த்தி போனபோதும் அப்படித்தான். 1982-இல் வென்ற தேசியப் பட்டத்தை அந்தக் கல்லூரி மறுபடி வெல்ல 1993 வரை காத்திருந்தது. ஆனால் போகிறவனிடம், திரும்பி வந்து பட்டத்தை முடிக்க வேண்டும் என்று வற்புறுத்துவார். ஜோர்டன் 1986-இல் புவியியல் பட்டத்தை முடித்தார்.

1998-இல் மூன்றாம் ஆண்டோடு அதே கல்லூரியை விட்டுப் போன வின்ஸ் கார்ட்டரும் படிப்பை முடித்தார். 2001 மே 20-ஆம் நாள் காலை பட்டமளிப்பு விழாவில் உட்கார்ந்துவிட்டு, அன்றே விமானமேறி பிலடெல்பியாவில் வாழ்வா சாவா என்ற ஏழாவது ஆட்டத்தை ஆடினார். கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து விழவில்லை. ஒரு புள்ளியில் தோல்வி. பட்டமளிப்புக்குப் போனதால்தான் தோற்றார் என்று ஏசியவர்கள் உண்டு. ஏசட்டும். ஆசிரியர் வேலை பார்ப்பவன் எவனும் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டான்.

2006 டிராப்ட் முதல், பள்ளி முடித்து ஓராண்டாவது ஆக வேண்டும், பத்தொன்பது வயது நிரம்பும் ஆண்டாக இருக்க வேண்டும் என்று என்.பி.ஏ. விதி வைத்தது. அதனால் ஒரே ஆண்டு தங்கும் விருந்தாளிகள் பெருகினர். 2019-இல் டியூக்கின் முதலாண்டு மாணவர் மூவர் முதல் பத்து இடங்களுக்குள் எடுக்கப்பட்டனர். அவ்வாண்டு தேசியப் பட்டம் வென்றதோ அதே கான்பரன்ஸின் வர்ஜீனியா. 2021 முதல் மாணவர்கள் தம் பெயரைக் கொண்டு விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், 2025 முதல் கல்லூரியே நேராகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. கையில் காசு வந்ததும், இருந்து பார்க்கலாமே என்று தங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இப்போது கூடுதலாகக் கொடுக்கும் வேறு கல்லூரிக்கு மாறிவிடுகிறார்கள். நடுத்தரக் கல்லூரியின் நாற்காலிக்கு அதிலும் விமோசனம் இல்லை.

இதையெல்லாம் படித்து முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க அந்தத் தகப்பனாரின் கேள்வி என்னோடு வகுப்பறைக்கும் வந்தது. வாசகர்களே, உங்களிடம் மறைப்பானேன்? 46 என்பது 45 ஆகும், பிறகு 40 ஆகும் என்ற பயத்தில்தான் நான் லயத்துக்குப் போனேன். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைந்தால் மிச்சமுள்ள பெற்றோரும் பட்டணத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. எங்கள் வட்டாரத்தில் மற்றத் தோட்டப் பள்ளிகளுக்கும் அதே பயம்தான். மாவட்டப் போட்டிக்கு வட்டார அணியாகப் போகும்போது அவள் ஓட்டத்தால் கிடைத்த பெயர் எங்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. ஆனாலும் பத்து வயதுப் பெண்ணின் தலையில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தூக்கி வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது?

மறு வாரம் மறுபடி லயத்துக்குப் போனேன். "பிள்ளைக்காகச் சொல்வதென்றால், அனுப்புங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே திரும்பி, "சாருக்குத் தேத்தண்ணி கொண்டா" என்றார். மாறுதல் பாரத்தைத் தலைமையாசிரியரிடம் நானே கொண்டுபோய் வைத்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். புதுப் பள்ளிக்கு ஒரு குறிப்பும் எழுதி அனுப்பினேன்: கணிதத்தில் பின்னம் மட்டும் சற்றுத் தடுமாறுவாள், அதைக் கவனிக்கவும் என்று.

இந்த ஆண்டு வட்டாரப் போட்டி நெருங்கிவிட்டது. அஞ்சல் ஓட்டத்துக்கு மூன்று பெண்கள் இருக்கிறார்கள். நான்காவது ஆளாக நாலாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோலைக் கைமாற்றும்போது கீழே போட்டுவிடுகிறாள்.