கோரிமேட்டுக்கு அப்பால் ஓர் ஆங்கில வகுப்பு

உழவர்கரை,
கார்த்திகை மாதம்

அன்புள்ள தோழிக்கு,

ரெட்டியார்பாளையத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். நீ போட்டோ எடுத்து அனுப்பச் சொன்ன மஞ்சள் சுவர், நீலக் கதவு, காகிதப்பூக் கொடி எதுவும் இந்தப் பக்கம் கிடையாது. அதெல்லாம் புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய தெருக்களில். உழவர்கரை, அந்தத் தெருக்களுக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் குடியிருக்கும் ஊர். லாஸ்பேட்டை, மூலகுளம், கதிர்காமம், ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கும் கோரிமேடு எல்லாம் இந்த நகராட்சிக்குள்தான் வருகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இது தனி கொம்யூன்.

அவர்களுடைய மொழி இப்போது பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சில வீடுகளோடு நின்றுவிட்டது. ஊர் ஓடுவது இங்கிலீஷுக்குப் பின்னால். அரசுப் பள்ளிகளை சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் அல்லவா, அண்ணன் மகள் அறிவியலும் கணக்கும் ஆங்கிலத்தில் படிக்கிறாள். அண்ணி படித்தது தமிழ் மீடியம். பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதற்காக அவரும் சேர்ந்து படிக்கிறார். சாயங்காலம் மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது இங்கிலீஷ் மட்டும்தான் பேசவேண்டும் என்று தாயும் மகளும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். "அம்மா, டூ மச் வாட்டர், ரூட் வில் ராட்!" என்று கீழ்வீடு வரை கேட்கிறது.

என் கதை உனக்குத் தெரிந்ததுதானே. ஆபீசில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கை பழகிவிட்டது, வாய்தான் திறக்காது. பக்கத்துத் தெருவில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இருக்கிறது என்று அண்ணன் கொண்டுபோய் விட்டான். உட்கார்ந்தவுடன் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றார்கள். என்னைப் பற்றிச் சொல் என்றால் தமிழிலேயே எனக்கு வராது!

அப்புறம்தான் சாதனா ஃபாரஸ்ட் போனேன். கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை. திண்டிவனம் சாலையில் மொரட்டாண்டியில் இறங்கி உள்ளே போகவேண்டும். ஆரோவில்லைச் சேர்ந்த இடம். இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம், யோரித் ரோசின் என்ற தம்பதி 2003 டிசம்பரில் ஆரம்பித்தார்கள். வறண்டு கிடந்த 70 ஏக்கர் செம்மண் நிலம் இன்று காடாகியிருக்கிறது. பல நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கி வேலை செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை யார் வேண்டுமானாலும் போகலாம். காட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள், சுற்றுச்சூழல் படம் ஒன்று போடுகிறார்கள், பிறகு சாப்பாடு. பால், தயிர் கிடையாது. எதற்கும் காசு வாங்குவதில்லை.

எங்களுக்குச் சுற்றிக் காட்டிய பையன் ஐரோப்பாக்காரன், ஆனால் இங்கிலீஷ் அவனுக்கும் சொந்த மொழியில்லை. கைகழுவும் இடத்தில் அடியில் ஊசித்துளை போட்ட டம்ளர் தொங்குகிறது. அதில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு ஊற்றினால் நூல்போல ஒழுகும், இரண்டு கையும் கழுவ அது தாராளம். அதைச் செய்துகாட்டிவிட்டு அடுத்ததாக மண் வரப்பைக் காட்டி 'லிட்டில் வால்... மட் வால்...' என்று தடுமாறினான். 'பண்ட்' என்றேன். 'யெஸ், பண்ட்! தேங்க்யூ!' என்று அவன் முகம் மலர்ந்தது. பொதுப்பணித்துறைக் கோப்புகளில் எத்தனை பண்டுகளைப் பார்த்தவள் நான்! அதன்பின் நான் நிறுத்தவில்லை. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், வரப்பு உடைந்தால் யார் அடைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். கேட்க விஷயம் இருந்தது, கேட்டேன். வாக்கியம் சரியா தப்பா என்ற நினைப்பே வரவில்லை.

வரப்புதான் அங்கே மரத்துக்கு முந்தின வேலை. அந்த மேட்டுச் செம்மண்ணில் மரமில்லாவிட்டால் பெய்கிற மழை நிற்காது, மண்ணை அரித்துக்கொண்டு ஓடை ஓடையாகக் கடலுக்குப் போய்விடும். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது பெரும்பகுதி அப்படித்தான் கிடந்ததாம், அங்கங்கே பனைமரம் தவிர நிழலே இல்லாமல். தண்ணீரை நிறுத்தி, கிடைத்த மரத்தை வைத்து நிழல் உண்டாக்கி, அந்த நிழலில் இந்த மண்ணுக்குரிய மரங்களை வளர்த்திருக்கிறார்கள். முதலில் வைத்ததில் நிறைய ஆஸ்திரேலிய அக்கேஷியா. சீக்கிரம் வளரும், சீக்கிரம் முறியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அவைதான் அதிகம் சாய்ந்தன, நம்மூர் மரங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன என்கிறார்கள்.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். மறுநாள் ஆரோவில் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனேன். இடையஞ்சாவடி கிராமத்து அம்மா ஒருவர், அறுபது வயதிருக்கும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு வெள்ளைக்காரப் பெண்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். வீரை, காசான், உலக்கைப்பாலை கன்றுகள் வரிசையாக இருந்தன. ஒரு கன்றை எடுத்துப் பையின் அடியை பிளேடால் ஒரு சுற்றுச் சுற்றி அறுத்தார். சுருண்டிருந்த வேர்நுனியைக் கிள்ளினார். குழிக்குள் இறக்கிவிட்டு, பக்கவாட்டில் ஒரு கீறல் போட்டுப் பையை உருவினார். வேரைப் பிடித்திருந்த மண் கட்டி உதிரவே இல்லை. 'ஸ்லோ, ஸ்லோ. சாயில் ப்ரேக், ட்ரீ டெட். புட், பிரஸ், ட்ரை லீஃப் ஆன் டாப்.' காலால் மிதிக்கப்போன பெண்ணை 'நோ லெக்! ஹேண்ட்!' என்று ஒரு அதட்டல்.

அந்த அம்மா பள்ளிக்கூடம் போனதில்லையாம். "இங்கிலீஷ் எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்றேன். "கத்துக்கலம்மா. அவங்களுக்கு வேல சொல்லணும்ல, வந்துடுச்சு" என்றார்.

குயிலாப்பாளையம், ஆலங்குப்பம், இடையஞ்சாவடி என்று சுற்றுவட்டாரத்தில் இப்படிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். ஆரோவில் காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பாலைவனத்தைச் சோலையாக்கினார்கள் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். வந்தவர்களின் பிடிவாதத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கூலிக்குக் குழி வெட்டியதும், வெயிலில் குடம் சுமந்து கன்றுக்கு ஊற்றியதும், எந்த மரம் எந்த மாசம் காய்க்கும் என்று சொன்னதும் இந்த ஊர்க்காரர்கள் அல்லவா? விதை எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? கோயில் காடுகளிலிருந்து. கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு பக்கத்தில்தான். சாமி காட்டில் கிளை ஒடிக்கக்கூடாது என்ற பயம் இருந்ததால் அந்த மரங்கள் அங்கே மிஞ்சின. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் அதில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள்.

உழவர்கரைப் பக்கத்திலும் மண், தண்ணீர் மீது அந்த அக்கறை கொஞ்சம் வந்திருக்கிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்து, தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது. அதற்கப்புறம் அண்ணனே வாய்க்கால், ஏரி என்று பேச ஆரம்பித்துவிட்டான். முன்பெல்லாம் அவனுக்கு ஏரி என்றால் மனை விலைதான். விடுமுறை நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊசுட்டேரிக்குப் போனோம். பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு என்று நிற்கும் பெரிய ஏரி. புதுச்சேரிப் பாதி 2008-லிருந்து சரணாலயம். நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. கரையைச் சுற்றும்வரை இங்கிலீஷ்தான் என்று பிள்ளை சொல்லிவிட்டாள். 'அத்தை, வொய் திஸ் பேர்ட் இஸ் நாட் ஃபியரிங்?' என்றாள். அந்த வாக்கியத்தைத் திருத்துவதா, பதில் சொல்வதா? பதில் சொன்னேன். கரையோரம் கிடந்த தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டே அண்ணி, 'ஹூ த்ரூ திஸ்? ஹூ?' என்று கோபத்தையும் இங்கிலீஷிலேயே காட்டினார். தமிழில் இன்னும் நன்றாகத் திட்டுவார்.

நீ பொங்கல் லீவில் வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல். மழை முடிந்து நடவு ஓய்ந்திருக்கும். கன்றுகளுக்கு இலைச் சருகு மூடுகிற வேலையும் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் இருக்கும். அந்த அம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன், 'இங்கிலீஷ் டீச்சரா, வரட்டும்' என்றார். நல்ல புடவை எதுவும் கொண்டுவராதே, இந்தச் செம்மண் கறை எந்த சோப்புக்கும் போகாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி