கட்டத்தில் வரைந்த வட்டம்

கணிப்பொறியிற் சித்திரம் வரையப் புகுவோர் முதற்கண் பழகுவன நேர்கோடு, சதுரம், வட்டம் என்னும் மூன்றுமாம். இவை சிறார் விளையாட்டென்று நம் கல்லூரி அன்பர் சிலர் நகைத்ததுண்டு. யாம் தேசூரிற் பிறந்து பட்டுத்தறியின் ஓசையில் வளர்ந்தோமாதலின், எமக்கு அவ்வாறு நகைக்க வாய் வரவில்லை.

விண்டோசின் முதற்பதிப்போடு 1985ஆம் ஆண்டில் வெளிவந்த 'பெயிண்ட்' என்னும் செயலியையே எடுத்துக்கொள்வோம். இன்று அதில் வட்டக்கருவியைத் தேர்ந்து சுட்டியை இழுத்தால் பெரும்பாலும் முட்டை வடிவமே தோன்றும். 'ஷிப்ட்' விசையை உடன் அழுத்தினால் வட்டமாகும். அவ்வட்டத்தைப் பெரிதாக்கி நோக்குவார்க்கு வளைவென்பது எங்கும் புலப்படாது. படிக்கட்டுப்போல அடுக்கிய சதுரப் புள்ளிகளே புலப்படும். சாய்ந்த கோட்டின் கதியும் அதுவே. மெய்யான கோட்டுக்கு அருகிலுள்ள இரு புள்ளிகளுள் எது அண்மையது என்பதை, முழுவெண்களின் கூட்டல் கழித்தலாலேயே துணியும் முறையொன்றை ஐ.பி.எம். நிறுவனத்துப் பிரெசன்ஹாம் என்பார் 1962இல் வகுத்தார்.

புட்டா வரைவோர்க்கு இது புதிதன்று. கட்டத்தாளில் நெடுக்கு வரிசை பாவிழை. குறுக்கு வரிசை ஊடையிழை. பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பார் 1804இல் அமைத்த பொறியின் வழிவந்த பெட்டியில், ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று. அட்டையில் துளையிருப்பின் இழை எழும், இல்லையேல் எழாது. திரையில் ஓரங்களுக்கு மங்கல் நிறம் பூசிப் படிகளை மறைத்துவிடலாம். இழையோ பாதி எழுந்து நிற்பதில்லை.

இனி, இடர் நேருமிடத்தைச் சொல்வோம். ஓர் அங்குலத்திற்குப் பாவிழை 100, ஊடையிழை 80 என்று கொள்க. அகலம் 100 கட்டம், உயரம் 100 கட்டமாகத் திரையில் செம்மையுற வரைந்த வட்டம், சேலையில் அகலம் ஓர் அங்குலமும் உயரம் ஒன்றேகால் அங்குலமுமாக நீண்டுவிடும். தறியில் வட்டம் வேண்டுமாயின் உயரத்தை 80 கட்டமாகக் குறைத்தல் வேண்டும். அப்பொழுது திரையில் அது சப்பையாகத் தோன்றும். நெசவுக்கென்றே இயற்றிய செயலிகள் இழைக்கணக்கைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. பொதுச் செயலிகள் அதனைக் கேட்பதில்லை. 'ஷிப்ட்' விசைக்கும் அது தெரியாது.

திரையிற் பிழைத்தால் ஒரு விசையால் மீட்கலாம். தறியிற் பிழைத்தால் ஊடையை ஒவ்வோர் இழையாகப் பிரித்தல் வேண்டும். பிரிக்கையில் ஜரிகை நலியும். கூலியோ முடிந்த சேலைக்கேயன்றிக் கழிந்த நாளுக்கன்று. அதனாற்றான் எம் தந்தையார், பிறர் மெச்சும் புதுச் சித்திரம் எதனைக் காட்டினாலும், அழகைப்பற்றி ஒன்றும் உரையாமல், "பாவு எத்தனை, ஊடை எத்தனை?" என்றே முதலில் வினவுவார்.

அவர் கணிப்பொறியைத் தொட்டவரல்லர். விடுமுறையில் யாம் திரையில் மாங்காய்ப் புட்டா வரைந்துகொண்டிருக்கையில், பின்னே நின்று சிறிது நேரம் நோக்கி, "இன்னுங் கொஞ்சம் அமுக்கு, தம்பி" என்றார். கணக்கிட்டுப் பார்த்தோம், நான்கு கட்டம் குறைக்கவேண்டியிருந்தது.